பெயரை மறைத்தால் போதுமா?

ஜூன் 3

ஒரு வாசகரின் கேள்வி: "எங்கள் நிறுவனத்தில் அடுத்த மாதம் முதல் விண்ணப்பங்களில் பெயர், பாலினம், வயது, புகைப்படம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் தேர்வுக் குழுவிடம் கொடுக்கப்போகிறார்கள். இதோடு பாரபட்சம் ஒழிந்தது என்கிறது மனிதவளத் துறை. உண்மையிலேயே ஒழியுமா? நேர்காணல் நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 3, இரவு

ஒழியாது. பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதுதான் இது. பெயர் மறைத்த காகிதம் முதல் சல்லடையைத் தாண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆள் நேரில் வந்து எதிரே உட்காருவார். முகத்தையும் குரலையும் பேச்சு வழக்கையும் எந்த மையால் மறைப்பது?

அதற்காக வாசலைப் பூட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த ஏறக்குறைய 1,300 வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை பயோடேட்டாக்களை அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒரே தரம். பெயர் மட்டும் வேறு. சிலவற்றில் எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்கள். சிலவற்றில் லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்கள். எமிலிகள் பத்து விண்ணப்பம் போட்டால் ஓர் அழைப்பு வந்தது. லகீஷாக்கள் அதே ஓர் அழைப்புக்குப் பதினைந்து போட வேண்டியிருந்தது. இந்தியாவிலும் இதே வகைச் சோதனை நடந்து 2007-இல் வெளியானது. தனியார் நிறுவனங்களின் நாளிதழ் விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. தகுதி சமமாக இருந்தும் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைந்தது.

ஆக, பெயர் வேலை செய்கிறது. என்னைக் கேட்டால், நான் பெயரைப் பார்ப்பதே இல்லை. வேலை தெரியுமா என்பதை மட்டும்தான் பார்க்கிறேன்.

ஜூன் 4

"பார்ப்பதே இல்லை என்று சொல்பவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காரசாரமாக ஒரு பதிலை எழுதி, பிறகு அழித்துவிட்டேன். வீட்டு அலமாரியில் என் பழைய நேர்காணல் குறிப்பேடுகள் நான்கு கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஜூன் 5

குறிப்பேடுகளை இன்னும் திறக்கவில்லை. (திறக்க மனம் வரவில்லை என்பது சரியான வாக்கியம்.) அதற்குள் இன்னொருவர் இசைக்குழுக்கள் திரை கட்டி ஆள் எடுத்த கதையைக் கொண்டுவந்திருக்கிறார். இதைச் சொல்லாத மனிதவளக் கருத்தரங்கமே கிடையாது. அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்கள் 1970களிலும் 1980களிலும் கலைஞரைத் திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. காலணிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சில குழுக்கள் தரையில் கம்பளம்கூட விரித்தன. திரை வந்ததால் பெண்கள் முன்னேறினார்கள் என்று 2000-இல் ஓர் ஆய்வு சொன்னது.

எனக்கும் மிகவும் பிடித்த கதை அது. ஆனால் பின்னாளில் அந்த ஆய்வின் அட்டவணைகளைத் திரும்பப் படித்த புள்ளியியலாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். மாதிரி சிறியது, ஒரு சுற்றில் திரை பெண்களுக்குச் சாதகம், அரையிறுதிச் சுற்றில் பாதகம். திரை கூடாது என்பதற்கு இது ஆதாரமில்லை. ஊர் முழுக்க மேற்கோள் காட்டும் அளவுக்கு அந்த எண்கள் உறுதியானவை அல்ல, அவ்வளவே.

இன்னொன்று: வயலின் வாசிப்பைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கலாம், ஏனென்றால் வாசிப்புதான் அங்கே வேலை. ஒரு தணிக்கை மேலாளரின் வேலையைத் திரைக்குப் பின்னாலிருந்து எப்படிக் கேட்பது?

ஜூன் 6

மறைப்பது எதிர்பாராத திசையிலும் போகும் என்பதற்கு இரண்டு சங்கதிகள்.

பிரான்சில் 2010-11-இல் அரசு ஆதரவோடு பெயரில்லா பயோடேட்டாவைச் சோதித்துப் பார்த்தார்கள். புலம்பெயர்ந்தோர் குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு அழைப்பு கூடவில்லை, குறைந்தது. காரணம் விசித்திரமானது. சோதனையில் சேரத் தாமாக முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே நல்லெண்ணம் கொண்டவை. பெயர் தெரிந்தபோது, பயோடேட்டாவிலிருந்த ஓட்டைகளை "பாவம், சூழ்நிலை அப்படி" என்று மன்னித்துப் படித்தவர்கள் அவர்கள். பெயர் மறைந்ததும் ஓட்டை வெறும் ஓட்டையாகிவிட்டது.

இரண்டாவது இன்னும் கசப்பு. விண்ணப்பத்திலேயே "குற்றத் தண்டனை பெற்றவரா?" என்று கேட்பதை நியூயார்க் நகரிலும் நியூஜெர்சியிலும் தடை செய்தார்கள். நோக்கம் நல்லது. தடைக்கு முன்னும் பின்னுமாகச் சுமார் 15,000 விண்ணப்பங்களை அனுப்பி இருவர் ஆராய்ந்தார்கள், 2018-இல் வெளியானது. தடைக்கு முன் வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரைவிட 7 சதவீதம் கூடுதல் அழைப்பு. தடைக்குப் பின் அது 43 சதவீதம். முன்பெல்லாம் "தண்டனை இல்லை" என்று எழுதித் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட கறுப்பின இளைஞருக்கு அந்த வாய்ப்பும் போயிற்று. கட்டம் காலியானதும் தேர்வு செய்பவர் தன் ஊகத்தை அதில் நிரப்பிக்கொண்டார்.

கேள்வி கேட்ட வாசகர் இதைத் தன் மனிதவளத் துறையிடம் காட்டலாம். கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

ஜூன் 8

குறிப்பேடுகளைத் திறந்தேன்.

ஜூன் 3 இரவு எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

பெயரைப் பார்க்கவில்லைதான். வேறொன்றைப் பார்த்திருக்கிறேன். பக்க ஓரங்களில் "வீடு எங்கே? எவ்வளவு நேரப் பயணம்?" என்று எழுதி, பதிலையும் குறித்திருக்கிறேன். பெண் விண்ணப்பதாரர்களின் பக்கங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஆண்களின் பக்கங்களில் நான்கு குறிப்பேடுகளையும் சேர்த்து ஒரே ஒரு முறை. அந்த ஒருவரும் நகரத்துக்கே புதியவர்.

எனக்கு நினைவிருக்கிறது, அக்கறையோடுதான் கேட்டேன். ஆண்டு முடிவில் கணக்கு முடிக்கும் வாரங்களில் இரவு வெகு நேரமாகும், தனியாகத் திரும்ப வேண்டும் என்ற அக்கறை. ஆனால் அந்த அக்கறையின் பலனாக யாரையாவது கூடுதலாக வேலைக்கு எடுத்தேனா? இல்லை. "பயணம் ஒன்றேகால் மணி நேரம்" என்று எழுதி அடிக்கோடு போட்ட இரண்டு பேர், இரண்டு பேருமே தேர்வாகவில்லை. காரணமாக நான் எழுதியது பயணத்தை அல்ல. "பொறுப்பேற்பதில் தயக்கம் தெரிகிறது." தயக்கம் யாருக்கு இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

வார்த்தைகளையும் எண்ணிப் பார்த்தேன். குறைவாகப் பேசிய ஆணுக்கு "நிதானமானவர்". குறைவாகப் பேசிய பெண்ணுக்கு "கூச்ச சுபாவம்". பேச்சை இடைமறித்த ஆண் "துடிப்பானவர்", பெண் "சற்று அவசரம்". இதே கையால், இதே பேனாவால், சில சமயம் ஒரே நாளில் எழுதியிருக்கிறேன். நான் நல்லவன் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகமில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

2007-இல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. சமமான இரண்டு பயோடேட்டாக்கள். ஒன்றில் மட்டும், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பு வகிப்பதாக ஒரு வரி. அந்த ஒரு வரியால் தாய் என்று தெரிந்த பெண்ணுக்குப் பரிந்துரைத்த தொடக்கச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர் குறைந்தது. தந்தை என்று தெரிந்த ஆணுக்கு எந்த நஷ்டமும் இல்லை. முதலில் படித்தபோது "யாரோ பிற்போக்கானவர்கள்" என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினேன்.

ஜூன் 9

மேலே எழுதியதற்கு ஆறுதல் சொல்லியிருக்கும் நண்பர்களுக்கு: ஆறுதல் வேண்டாம். கணக்கு வேண்டும். உங்கள் குறிப்பேடுகளையும் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஜூன் 10

நேற்றிலிருந்து ஒரே கேள்வி குடைகிறது. அந்தந்த நேரத்தில் என் முடிவு நியாயமானது என்று எப்படி உறுதியாக நம்பினேன்?

2005-இல் வெளியான ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர். ஒருவருக்குத் தெரு அனுபவம் அதிகம், ஏட்டுப் படிப்பு குறைவு. மற்றவருக்குப் படிப்பு அதிகம், அனுபவம் குறைவு. ஆணுக்கு அனுபவம் இருக்கிறது என்று காட்டினால், தேர்வு செய்தவர்கள் "இந்த வேலைக்கு அனுபவம்தான் உயிர்" என்றார்கள். ஆணுக்குப் படிப்பு இருக்கிறது என்று மாற்றிக் காட்டினால், "படிப்புதான் முக்கியம்" என்றார்கள். ஆளை முதலில் பிடித்துவிடுகிறது. அளவுகோலைப் பிறகு செதுக்கிக்கொள்கிறோம். இதில் கொடுமை என்னவென்றால், தாங்கள் மிகவும் நடுநிலையோடு முடிவெடுத்ததாக உறுதியாக நம்பியவர்களிடம்தான் சாய்வு கூடுதலாக இருந்தது. ஜூன் 3 இரவு எழுதியவர் கவனிக்கவும்.

அதே ஆய்வில் மருந்தும் இருக்கிறது. விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கு முன்பே "இந்த வேலைக்கு எது எவ்வளவு முக்கியம்" என்று எழுதிவைக்கச் சொன்னபோது சாய்வு மறைந்தது.

வாசகரின் கேள்விக்கு இப்போதுதான் ஒழுங்கான பதில் கிடைக்கிறது. ஆளை மறைப்பதைவிட அளவுகோலை முன்கூட்டியே வெளியே எடுத்து வைப்பது முக்கியம். அதைப் பிறகு தொடக் கூடாது.

ஜூன் 11

என் முதல் மேலாளர் கையெழுத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவார். எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்தால் முன்னேறுவாராம். 1998-இல் இரண்டு உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து, எந்தத் தேர்வு முறை பிற்கால வேலைத் திறனோடு எவ்வளவு பொருந்துகிறது என்று அட்டவணை போட்டார்கள். கையெழுத்துக்குக் கிடைத்தது 0.02. (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் பொருத்தமே இல்லை.) மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் காலத்தில் இடப்பக்கம் சாய்த்து எழுதியவர்கள் எங்கே போனார்களோ.

அந்த அட்டவணையில் முதலிடம் வேலை மாதிரித் தேர்வுக்கு: 0.54. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, தனித்தனியே மதிப்பெண் போடும் கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51. "சும்மா பேசிப் பார்ப்போம்" வகைக்கு 0.38.

கணக்குப் பிரிவுக்கு வேலை மாதிரித் தேர்வு வைப்பது சுலபம். தவறுகள் புதைத்த ஒரு வங்கிச் சரிகட்டும் பட்டியலை (வங்கிக் கணக்கையும் நம் பதிவேட்டையும் ஒப்பிடும் தாள்) கொடுத்து, நாற்பது நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். பதினான்கு ஆண்டுகளில் இதை ஒரு முறைகூடச் செய்யவில்லை. "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "அளவுக்கு மீறி உழைப்பது" என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஜூன் 12

திருத்தம். நேற்றைய எண்கள் பழையவை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. 2022-இல் வேறொரு குழு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டது. முன்பு சில இடங்களில் எண்களை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டார்கள் என்றது. புதிய அட்டவணையில் வேலை மாதிரித் தேர்வு 0.33, கட்டமைத்த நேர்காணல் 0.42 பெற்று முதலிடம். சும்மா பேசிப் பார்ப்பது 0.19.

முதலிடத்துக்கே 0.42 என்றால், எந்த முறையாலும் பெரிய தீர்க்கதரிசனம் கிடையாது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆள் எடுப்பவர்கள் கொஞ்சம் அடக்கமாகப் பேசலாம்.

ஜூன் 12, பிற்பகல்

"நேரில் அரை மணி நேரம் பேசினால் ஆளைத் தெரிந்துவிடும்" என்பவருக்கு: 2013-இல் ஒரு சோதனை. மாணவர்களை நேர்கண்டு, அவர்களின் அடுத்த பருவ மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். நேர்காணப்பட்டவர்களில் சிலர் ஆம், இல்லை என்ற பதில்களைக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ரகசிய விதி ஒன்றின்படி சொன்னார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு இது தெரியவே இல்லை. உளறலிலிருந்தும் ஓர் ஆளுமையைக் கட்டியெழுப்பிவிட்டார்கள். நேர்காணலே நடத்தாமல் பழைய மதிப்பெண்களை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் இன்னும் சரியாக வந்திருக்கும்.

ஜூன் 14

"மனிதர்களை நம்ப முடியாது, இயந்திரத்திடம் விடுங்கள்" என்று எழுதியவருக்கு இரண்டு வரி போதும். அமேசான் 2014 முதல் உருவாக்கிப் பார்த்த பயோடேட்டா சலிக்கும் மென்பொருளைக் கைவிட்டது என்று ராய்ட்டர்ஸ் 2018 அக்டோபரில் செய்தி வெளியிட்டது. பத்து ஆண்டுகளாக வந்த விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம் அது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. "பெண்கள் சதுரங்க மன்றத் தலைவர்" என்பது போன்ற வரிகளைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைக்கக் கற்றுக்கொண்டது. என் நான்கு குறிப்பேடுகளை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்தால், அதுவும் பெண்களிடம் வீடு எங்கே என்று கேட்கும்.

சட்டங்கள் இப்போதுதான் பின்தொடர்ந்து வருகின்றன. நியூயார்க் நகரில் இத்தகைய மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை வேண்டும் என்ற விதியை 2023 ஜூலையிலிருந்து அமல்படுத்துகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆள்தேர்வு மென்பொருளை அதிக ஆபத்து வகையில் சேர்த்திருக்கிறது.

ஜூன் 15

"தணிக்கை என்றால் என்ன கணக்கு?" நல்ல கேள்வி, என் தொழில் சார்ந்த கேள்வியும்கூட. அமெரிக்காவில் 1978 முதல் ஐந்தில் நான்கு என்ற விதி புழக்கத்தில் இருக்கிறது. நூறு ஆண்கள் விண்ணப்பித்து 40 பேர் தேர்வு, நூறு பெண்கள் விண்ணப்பித்து 25 பேர் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-ஐ 40-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம். ஐந்தில் நான்கு, அதாவது 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எச்சரிக்கை மணி. அது தீர்ப்பு அல்ல. உட்கார்ந்து காரணம் தேட வேண்டும் என்ற அறிவிப்பு.

எங்களைப் போல ஆண்டுக்கு ஐந்தாறு பேர் எடுக்கும் பிரிவில் இந்தக் கணக்கு நடுங்கும். ஒருவர் இப்படி அப்படி மாறினாலே விகிதம் தலைகீழாகும். பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேர்வை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு படியையும் பார்க்க வேண்டும்: யார் விண்ணப்பித்தார், யாருக்கு அழைப்பு போயிற்று, யார் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். எங்கள் விளம்பரம் பெரும்பாலும் ஊழியர்கள் வழியாகத்தான் வெளியே போகிறது என்பதை இன்றுதான் உறைக்கக் கவனித்தேன். சல்லடையைப் பற்றிப் பன்னிரண்டு நாளாகப் பேசுகிறேன். சல்லடைக்கு வருவதே ஒரே வயல் நெல்.

ஜூன் 17

"நம்மோடு ஒத்துப்போவாரா?" என்ற கேள்வியை விட்டுவிட முடியாது என்று ஒருவர் வாதாடுகிறார். குழுவாக வேலை செய்யும் இடத்தில் அது வேண்டாமா என்கிறார். வேண்டும். ஒத்துப்போவது என்றால் என்ன என்று எழுதிக் காட்ட முடிந்தால் வேண்டும். "தவறைக் கண்டால் மேலதிகாரியிடமும் சொல்வார்" என்பது ஒத்துப்போவதன் ஒரு பகுதி. அதற்குக் கேள்வி தயாரிக்கலாம், மதிப்பெண் போடலாம். "பேசிக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியவில்லை" என்பதற்கு மதிப்பெண் கிடையாது. என் குறிப்பேட்டில் பின்னதுதான் ஏராளம். அவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே கிரிக்கெட் பைத்தியங்கள்.

ஜூன் 21

முயன்று பார்த்தோம். ஒரு பணியிடம், ஆறு பேர். விளம்பரத்துக்கு முன்பே ஐந்து தகுதிகளை எழுதி, அவற்றுக்கு ஐந்து கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எந்த மாதிரிப் பதிலுக்கு எத்தனை என்பதையும் முன்பே எழுதிவைத்தோம். குழுவில் மூவர். தாளில் மதிப்பெண் போட்டு முடிக்கும் வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் கடினமாக இருந்தது. முதல் ஆள் வெளியே போய்க் கதவு சாத்தியதும் பழக்க தோஷத்தில் நானே "எப்படி?" என்று கேட்டுவிட்டேன். மற்ற இருவரும் என்னை முறைத்தார்கள். குழுவில் மூத்தவன் நான். நான் புருவத்தை உயர்த்தினாலே அவர்களின் மதிப்பெண் ஏறி இறங்கும் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமலா இருந்தது?

மூவரில் ஒருவர் "நாம் என்ன இயந்திரமா?" என்று சலித்துக்கொண்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் 1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் இளைஞராக இருந்து நேர்காணல் முறையை வகுத்தபோது, அவரிடமும் நேர்காணல் நடத்தியவர்கள் இதையேதான் சொன்னார்களாம். ஆறு குணங்களுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுவிட்டு, கடைசியில் கண்ணை மூடி உள்ளுணர்வுப்படியும் ஒரு மதிப்பெண் போடுங்கள் என்று அவர் இறங்கிவந்தார். அந்தக் கடைசி மதிப்பெண்ணும் நன்றாகவே பலித்தது. ஒழுங்காக உழைத்த பிறகு வந்த உள்ளுணர்வு அது. நாங்களும் கடைசியில் ஒரு நிமிடம் கண்ணை மூடினோம். மூன்று நடுவயதுக்காரர்கள் மேசையைச் சுற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்புப் பெண் பார்த்துவிட்டார்.

ஜூன் 24

யாருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் என் மனம் தேர்ந்தெடுத்தவருக்கு இல்லை. அவர் இரண்டாம் இடம். நேர்காணலோடு கொடுத்த வங்கிச் சரிகட்டும் பட்டியலில் புதைத்த ஒன்பது தவறுகளில் எட்டைக் கண்டுபிடித்த, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வதற்கு முன் நெடுநேரம் மௌனமாக இருந்த பெண்ணுக்குக் கிடைத்தது. வீடு எங்கே என்று கேட்கவில்லை. சேரும் நாளில் படிவத்தில் வரும்.

நல்ல முடிவா? ஓர் ஆண்டாவது போக வேண்டும். அப்போதும் இவரைப் பற்றி மட்டுமே தெரியும். எடுக்காமல் விட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்று காட்டும் பேரேடு எந்த நிறுவனத்திலும் இல்லை. பதினான்கு ஆண்டுகளாக நான் தப்பித்ததும் அதனால்தான்.

ஜூன் 25

விட்டுப்போன ஒன்று. மூவரின் தாள்களையும் இன்று கோப்பில் சேர்க்க எடுத்தேன். இயந்திரமா என்று கேட்டவர் ஆறு பேருக்கும் ஐந்து கேள்விகளுக்கும் மூன்று, மூன்று, மூன்று என்று நிரப்பியிருக்கிறார். முப்பது மூன்றுகள். யாரிடமும் பாரபட்சம் காட்டவில்லை என்று அவர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது.